கல்லூரி விளையாட்டில் காசு யாருக்கு, அதிகாரம் யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கல்லூரி அணிகளில் ஆடும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற நிலை 2025 ஜூலை 1 அன்று வந்தது. அதற்கு முன் ஏறத்தாழ நூறாண்டு காலம் அது தடை செய்யப்பட்டிருந்தது. "மாணவனுக்கு எதற்குச் சம்பளம்?" என்று கேட்பவர்களும், "இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்பவர்களும் என் நண்பர்களில் உண்டு. இரு தரப்பும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கல்லூரிப் போட்டிதானே, அதில் அப்படி எவ்வளவு பணம் புரளும்?

நம் ஊரில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி என்றால் மைதான ஓரத்தில் சில நூறு பேர் நிற்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கில் 1,07,601 பேர் உட்காரலாம். (கால்பந்து என்று இங்கே நான் சொல்வதெல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால், தலைக்கவசம் போட்டு மோதும் ஆட்டம்.)

பெரும்பணம் டிவியிலிருந்து வருகிறது. மார்ச் மாதத்தில் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமைக்கு சிபிஎஸ்ஸும் டர்னரும் 2010-இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. 2016-இல் இன்னொரு 880 கோடி டாலர் சேர்த்து அதை 2032 வரை நீட்டித்தார்கள். கல்லூரிகள் தங்களுக்குள் ஆடுவதற்காகச் சேர்ந்துகொள்ளும் கூட்டணிகள் பல உண்டு. அவற்றில் பிக் டென் என்ற ஒரே ஒரு கூட்டணியின் ஆட்டங்களுக்கு ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றும் சேர்ந்து 2022-இல் ஏழு ஆண்டுகளுக்குப் பேசிய தொகை 700 கோடி டாலருக்கும் மேல். டாலர் கணக்கு என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

என்சிஏஏ என்பது அரசாங்க அமைப்பா?

இல்லை. கல்லூரி விளையாட்டுக்கு விதி வகுக்க, கல்லூரிகள் தாங்களே சேர்ந்து நடத்தும் சங்கம். 1905 பருவத்தில் மட்டும் குறைந்தது 18 பேர் கால்பந்து ஆடி இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அதன் பின்னணியில் 1906-இல் பிறந்தது இந்தச் சங்கம். ஆட்டக்காரர்களின் உயிரைக் காக்கத் தொடங்கிய அமைப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. பின்னால் வரும் கதைக்கு அது தேவை.

இன்று சுமார் 1,100 கல்லூரிகளும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களும் அதன் கீழ் இருக்கிறார்கள். ஆனால் உண்மையான அதிகாரம் இப்போது சங்கத்தின் தலைமையகத்தில் இல்லை. எஸ்இசி, பிக் டென் போன்ற பெரிய கூட்டணிகளின் கையில் இருக்கிறது. அதற்குக் காரணம் 1984-இல் வந்த ஒரு தீர்ப்பு. அதுவரை எந்தக் கால்பந்து ஆட்டம் டிவியில் வரும், எத்தனை முறை வரும் என்பதைச் சங்கமே முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தன. எங்கள் சரக்கை நாங்களே சந்தையில் விற்றுக்கொள்கிறோம் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் தங்களுக்குச் சந்தை வேண்டும் என்று கேட்டு வாங்கிய அதே கல்லூரிகள், தங்கள் மைதானத்தில் ஆடுகிறவனுக்கு அதே சந்தையை இன்னும் 37 ஆண்டுகள் மறுத்தன. இதை எனக்கு எந்த விதத்திலும் நியாயப்படுத்திக்கொள்ள முடியவில்லை.

"ஸ்டூடன்ட்-அத்லெட்" என்று எப்போதும் சேர்த்தே சொல்கிறார்களே, ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

1955-இல் கொலராடோ மாநிலத்தில் ரே டென்னிசன் என்ற இளைஞர் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்தார். வேலை செய்யும் இடத்தில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி ஒன்றும் கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, ஆகவே இழப்பீடு கிடையாது என்று 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தத் தீர்ப்பு வேறு மாதிரியும் வந்திருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன், 1953-இல், அதே நீதிமன்றம் டென்வர் பல்கலைக்கழக ஆட்டக்காரர் ஒருவரைத் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட வழக்குகள் பெருகிவிடும் என்ற அச்சத்தில்தான் "ஸ்டூடன்ட்-அத்லெட்" என்ற சொல்லை உண்டாக்கி எல்லா விதிகளிலும் ஏற்றினோம் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டவர் வால்டர் பையர்ஸ். அவர் யாரோ வெளியாள் அல்ல. 1951 முதல் 1980-களின் கடைசி வரை சங்கத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த நிர்வாகி. பணி ஓய்வுக்குப் பிறகு தானே கட்டிய அமைப்பைக் கடுமையாகக் கண்டித்தார்.

அதாவது படிப்புக்கு மரியாதை செய்யப் பிறந்த சொல் அல்ல அது. விதவைக்கும் ஊனமானவனுக்கும் பணம் தராமல் இருக்கப் பிறந்த சொல். கென்ட் வால்ட்ரெப் 1974-இல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்காக ஆடும்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். தொழிலாளர் இழப்பீட்டு ஆணையம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. ஜூரி அதைப் புரட்டியது. 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் ஊழியர் இல்லை என்றது. அதற்குள் அவர் 26 ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்திருந்தார்.

இலவசமாகப் படிக்க வைக்கிறார்களே, அதுவே பெரிய ஊதியம் இல்லையா?

மேலோட்டமாகப் பார்த்தால் சரியான கேள்வி. அமெரிக்கக் கல்லூரிக் கட்டணம் என்னவென்று தெரிந்த எவரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். பலருக்கு அந்த உதவித்தொகை வாழ்க்கையை மாற்றியிருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் 1973 முதல் பல பத்தாண்டுகளுக்கு அந்த உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டும்தான். அடுத்த ஆண்டு தொடருமா என்பது பயிற்சியாளர் கையில். காயம் பட்டவனையும், எதிர்பார்த்த அளவு ஆடாதவனையும் கழற்றிவிட அது வசதியாக இருந்தது. கனெக்டிகட் பல்கலைக்கழகம் ஆண்கள் கூடைப்பந்துக் கோப்பை வென்ற 2014-இல் அதன் நட்சத்திர ஆட்டக்காரர் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பட்டினியோடு படுக்கப் போவதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் பெயர் போட்ட பனியன் கடையில் விற்றுக்கொண்டிருந்த சமயம் அது. கல்லூரி எவ்வளவு சாப்பாடு தரலாம் என்ற விதியை அடுத்த சில நாள்களில் தளர்த்தினார்கள்.

படிப்பாவது உண்மையான படிப்பா? நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத பாடங்களில் 3,100 பேருக்கு மதிப்பெண் போடப்பட்டதாக 2014 விசாரணை அறிக்கை சொன்னது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் விளையாட்டு அணியினர். மற்ற மாணவர்களும் அதே பாடங்களை எடுத்தார்களே, இது விளையாட்டுச் சலுகை ஆகாது என்ற காரணத்தால் சங்கம் 2017-இல் தண்டனை இல்லாமல் விட்டுவிட்டது. ரசிகர்களுக்கு ஆட்டோகிராஃப் போட்டுக் காசு வாங்கிய ஓர் ஆட்டக்காரப் பையனை நான்கு ஆட்டங்களுக்கு நிறுத்தி வைத்த சங்கம்தான் இது. "உனக்குக் கூலி படிப்பு" என்று சொல்லிவிட்டு அந்தப் படிப்பையும் போலியாகக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்?

ஆடியவனுக்குக் கொடுக்காத பணம் எங்கே போனது?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது நம் பழமொழி. அறுவடை அமோகமாக இருந்தும் உழக்கு மிஞ்சாத இடம் இது.

ஒரு பகுதி பயிற்சியாளர்களுக்குப் போனது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே அதிகம் வாங்குகிறவர் ஆளுநர் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, வேலை செய்யாமல் வீட்டுக்குப் போவதற்கு அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல். மறுபகுதி கண்ணாடி மாளிகை போன்ற பயிற்சிக் கூடங்களுக்குப் போனது. கட்டடத்துக்குக் கொட்டலாம், ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி என்றால் கட்டடம்தான் வளரும்.

நீச்சல், மல்யுத்தம், தடகளம் போன்ற வருமானம் இல்லாத விளையாட்டுகளை நடத்தவும் இந்தப் பணம்தான் உதவியது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கால்பந்திலும் ஆண்கள் கூடைப்பந்திலும் ஆடியவர்களில் கறுப்பின இளைஞர்கள் பெருமளவு. ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அவர்கள் வியர்வையில் மற்ற எல்லாருக்கும் படியளந்தது அந்த ஏற்பாடு.

இந்தக் கோட்டை எப்போது இடியத் தொடங்கியது?

ஒரு வீடியோ கேமில். 1995-இல் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த எட் ஓபானன் பல ஆண்டுகள் கழித்து நண்பர் வீட்டுக்குப் போனார். நண்பரின் மகன் விளையாடிக்கொண்டிருந்த விளையாட்டில் மொட்டைத்தலை, இடது கை, 31-ஆம் எண். பெயர் மட்டும்தான் இல்லை, மற்றபடி அவரே. அவருக்கு ஒரு காசு வரவில்லை. 2009-இல் சங்கத்தின் மீது வழக்குப் போட்டார். 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அதில் ஒரு பகுதி வெட்டப்பட்டாலும் கதவு திறந்துவிட்டது.

அடுத்து மேற்கு வர்ஜீனியாவின் முன்னாள் ஆட்டக்காரர் ஷான் ஆல்ஸ்டன் பெயரில் வந்த வழக்கு. 2021 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வழக்கு படிப்பு சம்பந்தமான உதவிகளைப் பற்றியதுதான். ஆண்டுக்கு 5,980 டாலர் வரை ஊக்கத்தொகை தரலாம் என்ற அளவில்தான் நேரடிப் பலன். ஆனால் நீதிபதி கவனா தனியாக எழுதிய கருத்தில், என்சிஏஏ சட்டத்துக்கு மேற்பட்டது அல்ல என்று முடித்திருந்தார். அதைப் படித்த எந்த வக்கீலுக்கும் அடுத்த வழக்கு எதுவென்று தெரிந்துவிட்டது.

என்ஐஎல் என்பது என்ன?

பெயர், உருவம், சாயல் ஆகியவற்றின் ஆங்கிலச் சுருக்கம். தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கும் உரிமை. இசைக் கல்லூரி மாணவன் கச்சேரிக்குப் பணம் வாங்கலாம். ஆட்டக்காரன் தன் படத்துக்கு வாங்கக் கூடாது என்றிருந்தது. சென்ட்ரல் ஃப்ளோரிடா அணியில் இருந்த டொனால்ட் டி லா ஹே என்ற இளைஞர் யூடியூப் வருமானத்தை விட மறுத்ததற்காக 2017-இல் ஆடும் தகுதியை இழந்தார். 2019-இல் கலிஃபோர்னியா இந்தத் தடைக்கு எதிராகச் சட்டம் போட்டது, மற்ற மாநிலங்கள் வரிசையில் நின்றன. 2021 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை விலகியது.

பிறகு நடந்தது யாரும் திட்டமிடாதது. பணக்காரப் பழைய மாணவர்கள் "கலெக்டிவ்" என்று குழு சேர்ந்து, விளம்பரம் என்ற பெயரில் தங்கள் கல்லூரிக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். விளம்பரம் பெயரளவுக்கு, உள்ளே இருப்பது சம்பளம். நேர்வழியில் கொடுக்க மறுத்தால் காசு கொல்லைப்புறம் வழியாக வரும்.

2025-இல் வந்த ஹவுஸ் உடன்பாடு என்ன சொல்கிறது?

அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸும் கூடைப்பந்து வீராங்கனை செடோனா பிரின்ஸும் முன்னின்ற வழக்கு. 2025 ஜூன் 6 அன்று அதே நீதிபதி வில்கன் உடன்பாட்டுக்கு ஒப்புதல் தந்தார். 2016 முதல் ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாகச் சுமார் 280 கோடி டாலர், பத்தாண்டுகளில் தர வேண்டும். இனிமேல் கல்லூரிகளே நேரடியாகத் தரலாம்; முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர்.

அந்த உச்சவரம்பைக் கவனியுங்கள். பெரிய கல்லூரிகளின் குறிப்பிட்ட வருமானங்களின் சராசரியில் 22 சதவீதம் என்று கணக்கிட்டது. தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டக்காரர்களுக்கு லீக் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி. அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது, பேரம் பேசி வாங்கினார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு வக்கீல்கள் பேசி முடித்தார்கள்.

600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களை டெலாய்ட் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம் நடத்தும் ஒரு இணையதளத்தில் பதிந்து, உண்மையான வியாபாரம்தானா என்று காட்ட வேண்டும். இதையெல்லாம் மேற்பார்க்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் என்ற புதிய அமைப்பு வந்திருக்கிறது. அதை உருவாக்கியவை பெரிய கூட்டணிகளே.

பெண்களுக்கு இதில் என்ன பங்கு?

குறைவு. பழைய பாக்கியில் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. டிவி பணம் அவற்றால்தான் வந்தது என்பது காரணம். ஆனால் பெண்கள் ஆட்டத்தை எப்படி நடத்தினார்கள்? 2021 மார்ச்சில் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி நடந்த சான் அன்டோனியோவில் அவர்களுக்கு உடற்பயிற்சிக் கூடம் என்று சில கைஎடைகள் அடுக்கிய ஒரு சின்ன ஸ்டாண்டை வைத்திருந்தார்கள். ஆண்களுக்கு ஒரு கூடம் நிறையக் கருவிகள். அதைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டியவர் மேலே சொன்ன செடோனா பிரின்ஸ்தான். பல ஆண்டுகள் கவனிக்காமல் போட்டுவிட்டு, இப்போது உங்களுக்குச் சந்தை மதிப்பு குறைவு என்பது எந்த ஊர் நியாயம்?

கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம், டைட்டில் நைன், இந்தப் பங்கீட்டுக்கும் பொருந்துமா என்பதில் தெளிவில்லை. பொருந்தும் என்று கல்வித்துறை 2025 ஜனவரியில் சொன்னது. புதிய அரசு வந்ததும் பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. உடன்பாட்டுக்கு ஒப்புதல் வந்த சில நாள்களிலேயே சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்துவிட்டார்கள்.

நீச்சல், தடகளம் எல்லாம் மூடப்பட்டுவிடுமா?

இந்தப் பயம் நியாயமானது. அமெரிக்காவின் ஒலிம்பிக் பதக்கங்களில் பெரும்பகுதி கல்லூரி நீச்சல் குளங்களிலும் ஓடுபாதைகளிலும் விளைந்தவை. இப்போது உதவித்தொகை எண்ணிக்கைக்குப் பதில் அணியின் அளவுக்கே வரம்பு வந்திருக்கிறது. கால்பந்தில் 105 பேர். உதவித்தொகை இல்லாமல் ஆசைக்காக அணியில் இருந்த பிள்ளைகள் பலர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு வழி செய்யாமல் ஒப்புதல் தர மாட்டேன் என்று நீதிபதி பிடிவாதமாக நின்றது நல்ல காரியம்.

ஆனால் ஆட்டக்காரர் சம்பளத்தின் மீதே பழியைப் போடுவதை நான் ஏற்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் 11 விளையாட்டுகளை மூடுவதாக அறிவித்தது 2020-இல். அப்போது யாருக்கும் சம்பளம் இல்லை. எதிர்ப்புக்குப் பிறகு 2021-இல் அதைக் கைவிட்டார்கள்.

மாணவர்கள் காசுக்காகக் கல்லூரி விட்டுக் கல்லூரி தாவுகிறார்களே, விசுவாசம் போய்விட்டதா?

மாறியவர்கள் மாணவர்கள் மட்டுமா? டிவி பணத்துக்காக யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் 2024-இல் பிக் டென்னுக்குப் போயின. நூறாண்டுப் பழமை கொண்ட பேக்-12 கூட்டணி சிதறியது. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் சேர்ந்தன. வாரநாளில் கண்டத்தைக் கடந்து பறந்து ஆடிவிட்டு, மறுநாள் தேர்வெழுதப் போவது வாலிபால் ஆடும் பெண். பயிற்சியாளர் ஒப்பந்தத்தின் நடுவிலேயே வேறு கல்லூரிக்குப் போகலாம். மாணவன் மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. அந்த விதி போனதில் எனக்கு வருத்தமில்லை. நான்கு ஆண்டில் மூன்று கல்லூரி மாறுகிறவனின் படிப்பு என்னவாகும் என்ற கவலை மட்டும் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து போய் ஆடும் மாணவர்களுக்கும் இந்தப் பணம் கிடைக்குமா?

பெற்றோர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். டெல்லியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் கன்சஸ் ஸ்டேட்டில் படித்து 2018-இலும் 2022-இலும் என்சிஏஏ உயரம் தாண்டுதல் பட்டம் வென்றார். வர்ஜீனியாவில் படித்த சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 இரண்டு ஆண்டும் ஒற்றையர் டென்னிஸ் பட்டம் பெற்றார். உதவித்தொகையில் போய்ப் படிப்பதற்கு இன்றும் தடையில்லை.

சிக்கல் எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறது. அதில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. விளம்பரத்தில் நடிப்பது வேலை என்று பார்க்கப்பட்டால் விசாவே பறிபோகலாம். கல்லூரி தரும் பங்கையும் பலர் இதே அச்சத்துடன்தான் பார்க்கிறார்கள். அணித்தோழன் வாங்குகிறான் என்று எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தையும், தனியாக ஒரு குடியேற்ற வழக்கறிஞரையும் கேட்ட பிறகே போடச் சொல்லுங்கள்.

பணம்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?

அதிகாரம் வரவில்லை. எவ்வளவு தரலாம், எத்தனை நாள் பயிற்சி, யாரோடு ஆட்டம், எந்த ஊருக்குப் பயணம் என்று முடிவு செய்யும் அறையில் ஆட்டக்காரருக்கு நாற்காலி இல்லை. நார்த்வெஸ்டர்ன் கால்பந்து அணி 2014-இல் கெயின் கோல்ட்டர் தலைமையில் தொழிற்சங்கம் வைக்க முயன்றது. தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி, அவர்கள் ஊழியர்களே என்றார். 2015-இல் வாரியமோ இதில் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. டார்ட்மவுத் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்று தொழிற்சங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. வாரியத்தின் அரசியல் மாறப்போவதைப் பார்த்து ஆண்டுக் கடைசியில் மனுவைத் திரும்பப் பெற்றது. இதற்கிடையில், ஆட்டக்காரர்கள் ஊழியர்கள் அல்ல என்று ஒரு சட்டமும், ஏகபோக வழக்குகளிலிருந்து பாதுகாப்பும் வேண்டும் என்று என்சிஏஏ அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்டு வருகிறது.

ஆட்டத்தில் அடிபட்டால் இப்போது யார் செலவு?

முதல் நிலைக் கல்லூரிகள் விளையாட்டுக் காயத்துக்கான மருத்துவச் செலவை, ஆடி முடித்த பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஏற்க வேண்டும் என்ற விதி 2024 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு இருந்ததைவிட இது நல்ல நிலை. முழங்கால் தேய்வதும் தலையில் பட்ட அடி வேலை காட்டுவதும் பெரும்பாலும் அந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான். தொழிலாளர் இழப்பீடு ஊழியருக்குத்தான் உண்டு. ஆட்டக்காரரை இன்னும் எந்தக் கல்லூரியும் ஊழியர் என்று ஏற்கவில்லை. 1957-இல் டென்னிசனின் மனைவிக்குச் சொன்ன பதிலைத்தான், லட்சக்கணக்கில் டாலர் வாங்கும் இன்றைய ஆட்டக்காரனின் மனைவிக்கும் சொல்வார்கள்.